யாழ் நூல் தந்த காரைதீவுத் துறவி

தமிழை இயல், இசை, நாடகம் என வகுத்து முத்தமிழ் என வழங்குதல் நம் முன்னோர் மரபு. வகுத்தாரேனும் அவர் அம்மூன்றினையும் பிரித்தாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அனைவரும் ஓரரங்கின்கண் ஒருங்கே காட்சி தருகின்றனர். பிற்காலத்தில் இவ்வொருமை குலைந்தது. இயல் வல்லார் இசையறியாராயினர். இசை வல்லார் இயலறியாராயினர். அதன் விளைவாக, யாழ் என்னும் சொல் நூல்களில் நிலைத்து நிற்க, யாழ் என்னும் கருவி உலக வழக்கினின்றும் மறைந்தது. யாழின் பெயரையே நகருக்குப் பெயராகத் தாங்கும் ஈழநாட்டிலும் யாழைக் கண்டார் ஒருவரும் இலர் என்னும் நிலை எய்திற்று.

மறைந்த அக்கருவியையும் அதன் இசைமுறையையும் பண்டை நூற்சான்று கொண்டும் கணித நெறி கொண்டும் மீட்க முயன்றவர் கிழக்கிலங்கைக் கடற்கரையிலே, கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர். பாபநாசம் சிவனைப் போலப் பல கீர்த்தனங்களை இயற்றிய வாக்கேயகாரர் அல்லர் அவர். வாக்கேயகாரர், தம் காலத்து வழங்கும் இராகங்களை நிலைக்களனாகக் கொண்டு புதிய உருப்படிகளை ஆக்குவர். அடிகளாரோ அந்நிலைக்களனுக்கே அடித்தளமாய் மண்ணுள் மறைந்து கிடந்ததனை அகழ்ந்து காட்டினார். அவர்தம் வாழ்க்கையையும், அவர் இயற்றிய நூல்களுள் தலைசிறந்த யாழ் நூலையும், அந்நூல் இன்றைய கல்விக்கு உணர்த்தும் உண்மையையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த ஊர்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் முஸ்லிம் ஊர்களுக்கு இடையே அமைந்தது காரைதீவு. கிழக்கே கடலும் மேற்கே வயலும் எல்லையாகவுடைய இவ்வூர்களில், சமயம் வேறாயினும் தாய்மொழி தமிழே. 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

காரைதீவின் கண்ணகியம்மன் கோயில் பழம்பெருமை வாய்ந்தது. வைகாசித் திங்களில் திருக்கதவு திறந்து, குளிர்த்தி நிகழும் வரை அங்கே வழிபாடு நடைபெறும். கண்ணகி வழக்குரை பாடப்படும். சிலப்பதிகாரத்தைப் புலவர்கள் ஏட்டில் தேடிய காலத்திலும், அக்காப்பியத் தலைவி இக்கடற்கரை மக்களுக்குத் தாயாகவும் தெய்வமாகவும் விளங்கினாள். அத்தகைய ஊரில், சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாக 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி அடிகளார் தோன்றினார். இளமைப் பெயர் மயில்வாகனன். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் முதன்முதல் அச்சேற்றியதும் அதே 1892 ஆம் ஆண்டிலேயே. நூல் வெளிவந்த ஆண்டிலேயே, அதன் இசைப்பகுதிக்குப் பொருள் காண வல்லாரும் பிறந்தமை எண்ணி மகிழ்தற்குரியது.

இருவகைக் கல்வி

மயில்வாகனனார் கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1908 ஆம் ஆண்டில், பதினாறு வயதினராய், கேம்பிறிட்ச் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் தென்கோவைக் கந்தையாபிள்ளையிடம் தமிழ் நூல்களைப் பாடங் கேட்டார். பகலில் ஆங்கிலமும் விஞ்ஞானமும், ஓய்வு நேரத்தில் இலக்கண இலக்கியமும் என இரண்டு நீரோட்டங்கள் அவர் உள்ளத்தில் ஒன்று கூடின.

அவ்விரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை என்பதற்கு 1916 ஆம் ஆண்டே சான்று. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானச் சான்றிதழ் பெற்ற அதே ஆண்டில், மதுரைத் தமிழ்ச் சங்கம் நடாத்திய பண்டித பரீட்சையிலும் அவர் தேறினார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்கே கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்கு வெளிவாரியாகத் தோற்றித் தேறினார். வகுப்பில் நின்று கற்பித்தலும், இரவில் விளக்கின்கீழ் இருந்து கற்றலும் ஒருங்கே செய்தல் எத்துணை அரிது என்பதை ஆசிரியத் தொழில் செய்வார் நன்கறிவர். 1920 ஆம் ஆண்டில் அவர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

துறவும் தொண்டும்

உயர்பதவியும் புகழும் கைகூடிய நிலையில், 1922 ஆம் ஆண்டு அவர் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பயின்று, 1924 ஆம் ஆண்டில் துறவு தீட்சை பெற்று விபுலானந்தர் ஆனார். மடத்தின் வெளியீடுகளான இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய இதழ்களுக்கு ஆசிரியராயிருந்தார். அக்காலத்திலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகம் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அவ்விரிவுரை 1926 ஆம் ஆண்டில் மதங்கசூளாமணி என்னும் நூலாயிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ்மரபின் மெய்ப்பாடு, சுவை என்பவற்றோடு ஒப்புநோக்கி ஆராய்வது அந்நூல். முத்தமிழுள் நாடகத்தினை முதலிலும், இசையினைப் பின்னரும் அவர் ஆய்வுப் பொருளாக மேற்கொண்டமை இதனால் அறியப்படும்.

1925 ஆம் ஆண்டில் தாய்நாடு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பின்னர், விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் 1938 ஆம் ஆண்டில் வெளிவந்த கலைச்சொல் தொகுதி அப்பணியின் பயனாகும். 1939 ஆம் ஆண்டு தொடங்கி இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடாத்தினார். 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்துணைப் பணிகளுக்கிடையே அவர் உள்ளம் ஒரு பொருளை விடாது பற்றி நின்றது. அஃது யாழ்.

இருபத்தைந்து அடிகள்

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் யாழாசிரியனது இலக்கணத்தை இருபத்தைந்து அடிகளிற் கூறியுள்ளார். யாழ் நூல் முழுவதும் அவ்விருபத்தைந்து அடிகளுக்கு அமைந்த விரிவுரை என்பது அடிகளாரே உணர்த்திய செய்தி. அதற்கென அவர் உழைத்த காலம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு எனக் கூறுவர். சில அடிகளுக்கு இத்துணைக் காலம் வேண்டியது ஏன் எனின், அதற்குக் காரணம் உண்டு.

அவ்வடிகள் இசைவாணர்க்கெனக் குறியீட்டு மொழியில் அமைந்தவை. எந்த நரம்பை எந்த நரம்பாகக் கொள்வது, எதனைக் கூட்டுவது, எதனைக் குறைப்பது என்பனவே அவற்றின் பொருள். அடியார்க்குநல்லார் உரையெழுதிய காலத்திலேயே இசைத்தமிழ் நூல்கள் பல இறந்துபட்டன. எஞ்சியவற்றுள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலியவற்றை அவர் எடுத்தாண்டார். அடிகளார் காலத்தில் அவையும் கிடைத்தில. இலக்கணம் மட்டும் அறிந்தார்க்கு அவ்வுரையில் வரும் எண்கள் விளங்கா. எண் மட்டும் அறிந்தார்க்கு அதன் சொற்கள் விளங்கா. இரண்டும் அறிந்த ஒருவருக்கே அவ்வாயில் திறக்கும்.

யாழ் நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழியல்களால் ஆயது. யாழின் உறுப்புக்களையும் அமைப்பையும் கூறுவதில் தொடங்கி, நரம்புகளின் இசையளவை நிறுவி, அவ்வளவினின்றும் பாலைகள் பிறக்குமாற்றை விளக்கி, பாலைகளினின்றும் பண்கள் தோன்றுமாற்றைக் காட்டி, அப்பண்கள் இன்றும் உயிரோடு வாழும் தேவாரத்திற் சென்று சேர்வது அதன் போக்கு. கட்டடம் அமைப்பான் அடித்தளத்திலிருந்து மேல்மாடம் வரை எழுப்புதல் போன்றது இவ்வரிசை.

உரையாசிரியர் கூறும் யாழ்வகைகள் நான்கு. அவை 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என்பன. இவற்றின் தொன்மையை அறிதற்கு அடிகளார் தமிழ்நூல்களை மட்டும் நோக்கினாரல்லர். பிறநாட்டுப் பழங்கருவிகளையும் ஒப்பு நோக்கினார். வில்வடிவான யாழ் எகிப்திலும் மேற்காசியாவிலும் வழங்கியது. அமராவதிச் சிற்பங்களிலும் அவ்வடிவம் உண்டு. பர்மாவில் சவுங் என்னும் பெயரால் வில்யாழினம் இன்றும் வாசிக்கப்படுகின்றது.

நரம்பும் எண்ணும்

யாழ் நூலைப் புரட்டும் மாணவர் அதில் நிரம்பிய பின்னங்களைக் கண்டு அஞ்சுவர். ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து எளிதே. பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலுள்ள சுரமானியைக் கொண்டு அதனை உணரலாம்.

இழுவை மாறாதிருப்ப, நரம்பின் நீளம் குறையுந்தோறும் அதன் மீடிறன் நேர்மாறு விகிதத்தில் உயரும். நீளம் அரைவாசியாயின், அதே இசை மேற்றானத்தில் எழும். இவ்வோர் இயக்கினைப் பண்டைத் தமிழர் ஏழிசையாகப் பகுத்தனர். அவை குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. ஏழிசைக்கும் உரிய நுண்ணளவை அலகு எனப்படும். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 எனக் கூட்ட, மொத்தம் 22 அலகாகும்.

ஒவ்வோர் இசையின் அலகும் அதற்குக் கீழுள்ள இசையினின்றும் அஃது உயரும் இடைவெளி எனக் கொள்க. நான்கலகு 9/8 என்னும் விகிதத்தையும், மூன்றலகு 10/9 என்பதனையும், இரண்டலகு 16/15 என்பதனையும் குறிப்பதாகவும் கொள்க. இனிச் சுரமானியில் 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள நரம்பைக் குரலாக வைத்தால், துத்தம் 80, கைக்கிளை 72, உழை 67.5, இளி 60, விளரி 54, தாரம் ஏறத்தாழ 50.6 சென்ரிமீற்றரில் எழும். அதன்மேல் நாலலகு ஏற, 45 சென்ரிமீற்றரில் மேற்றானத்துக் குரல் வந்து பொருந்தும். ஏழு இடைவெளிகளையும் பெருக்கிய பெருக்கம் சரியாக 2 ஆகின்றது; ஒரு சிறு பின்னமும் மிகவில்லை, குறையவில்லை. இவ்வாறு பிறக்கும் ஏழிசை இன்று அரிகாம்போதி எனப்படும் மேளத்தோடு ஒத்திருத்தலை இசை பயின்ற செவி உடனே உணரும். இதனையே செம்பாலை என்பர் இக்கால இசையறிஞர் பலர்.

இனிப் பாலைத்திரிபு என்பது யாதெனக் காண்க. யாழில் ஒரு நரம்புக்கு ஓரிசையே உரியது. எனவே, நரம்புகளை மாற்றாது, தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றிப் புதிய இசைமுறை பெறுவது பழைய வழக்கு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்தி, தொடங்கும் கட்டையை மாற்றி மாற்றி வாசிப்பின் இராகம் வேறுபடுதல் போன்றதே அது. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை பிறக்கும், அது நடபைரவி. கைக்கிளை குரலாயின் செவ்வழிப்பாலை. உழை குரலாயின் அரும்பாலை, அது சங்கராபரணம். இளி குரலாயின் கோடிப்பாலை, அது கரகரப்பிரியா. விளரி குரலாயின் விளரிப்பாலை, அது தோடி. தாரம் குரலாயின் மேற்செம்பாலை, அது கல்யாணி. இன்று கச்சேரி மேடையில் ஒலிக்கும் பேரிராகங்கள் பல, ஏழு நரம்பின் திரிபினால் சிலப்பதிகார காலத்திலேயே அறியப்பட்டிருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

அடிகளாரைப் போன்ற கணிதப் பயிற்சி வேண்டிய இடம் ஒன்றினையும் ஈண்டுக் காட்டுதல் தகும். தாரத்தில் தொடங்கி ஐந்தாம் நரம்பு ஐந்தாம் நரம்பாக எண்ணிச் சென்றால் உழை, குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்னும் முறையில் ஏழிசையும் பிறக்கும். இம்முறையிலுள்ள ஆறு இடைவெளிகளுள் ஐந்து, 13 அலகு உடையன. துத்தத்திலிருந்து விளரி வரையுள்ள இடைவெளி மட்டும் 12 அலகே. நரம்பில் அளந்தால், 80 சென்ரிமீற்றரின் மூன்றிலிரண்டு 53.3 ஆகும், மேலே கண்ட விளரியோ 54. வேறுபாடு ஒரு சென்ரிமீற்றரினும் குறைவு. ஆயினும் பயின்ற செவி அதனைப் பொறாது. கிரேக்க நாட்டுப் பிதாகரஸ் காலந்தொட்டு உலகின் இசைநூலார் அனைவரையும் வருத்திய சிக்கல் இதுவே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், 22 அலகை விடுத்து, இயக்கை 24 சமசுருதிகளாகப் பகுத்து இதற்கு விடை காண முயன்றார். அடிகளாரோ 22 அலகையே ஏற்று, நுண்ணிய பின்னங்களால் அதனை ஆராய்ந்தார். இருவர் வழியும் வேறு. இருவரும் எண்ணின் துணையின்றி இசைத்தமிழை அணுக இயலாது என்பதை உணர்ந்தவராவர்.

யாழ் மறைந்தமை

இத்துணைச் சிறந்த கருவி ஏன் மறைந்தது என்னும் வினா எழுதல் இயல்பு. பெரியபுராணம் கூறும் ஒரு நிகழ்ச்சி இதற்கு விளக்கம் தரும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து வந்தார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்கவில்லை. மனம் நொந்த பாணர் யாழை முறிக்க ஓங்க, சம்பந்தர் தடுத்தருளினார். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்னும் பெயர் இதனால் வந்தது.

பக்திச் சுவையோடு இந்நிகழ்ச்சியில் இசை வரலாறும் உண்டு. மிடற்றிசை ஓரிசையினின்றும் மற்றோரிசைக்கு வழுக்கியும் அசைந்தும் செல்ல வல்லது. நரம்புக்கு ஓரிசையாகக் கட்டிய யாழ் அவ்வசைவைப் பின்பற்றுதல் கடினம். மெட்டுக்களை உடைய வீணையோ ஒரே நரம்பில் பல இசைகளையும் கமகங்களையும் தர வல்லது. கமகம் இசையின் உயிராக வளர்ந்த காலத்தில், யாழ் தன் இடத்தை வீணைக்கு ஈந்து ஒதுங்கியது எனக் கருதல் பொருந்தும். ஆயினும் யாழ் கொடுத்துச் சென்ற பாலைகளும் பண்களும் ஒதுங்கவில்லை. அவை ஓதுவார் நாவில் தேவாரமாய் நின்றன. யாழ் நூலின் இறுதிப் பகுதி தேவாரத்தை நோக்கிச் சென்றமை இக்காரணம் பற்றியே.

அரங்கேற்றமும் மறைவும்

தமிழகத்தில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. 1943 ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. தமிழுக்கென இசைமரபு உண்டா என ஐயுற்றார்க்கு விடையாக, கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ் நூலை வெளியிட்டது. 1947 ஆம் ஆண்டு யூன் மாத முதற் கிழமையில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. நூலின் இலக்கணப்படி அமைத்த யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, அவையோர் முன்னிலையில் மீட்டப்பட்டன. பல நூற்றாண்டுகளாக ஏட்டில் உறங்கிய ஒலி, செவிக்கு விருந்தாயிற்று.

அரங்கேற்றத்திற்கு அவ்வூர் வாய்த்தமையும் பொருத்தமே. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரர் இல்லாத ஓடம், சம்பந்தர் பாட்டின் வலியால் கரை சேர்ந்த தலம் அது. அடிகளாரின் ஓடமும் அப்பொழுது கரையை அணுகிக் கொண்டிருந்தது. பாரிசவாதத்தால் உடல் நலிந்த நிலையிலேயே அவர் நூலை நிறைவு செய்திருந்தார். அரங்கேற்றம் முடிந்து ஏறத்தாழ ஆறு கிழமையில், 1947 யூலை 19 ஆந் திகதி கொழும்பில் அவர் மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில் அவர் சமாதி அமைந்துள்ளது. அருகே உள்ள மட்டக்களப்பு வாவியில் நிலவொளி இரவில் எழுவதாகக் கூறப்படும் மீன்களின் பாட்டினை, நீரரமகளிர் பாடும் இன்னிசையாகக் கருதிச் செய்யுள் இயற்றியவர் அவர். அவ்வாவிக் கரையிலேயே துயில் கொண்டார்.

மாறுபட்ட கருத்துக்கள்

ஒரு நூலைப் போற்றுதல் வேறு. அதனைப் பயிலுதல் வேறு. யாழ் நூல் முடிந்த முடிபு அன்று. ஆபிரகாம் பண்டிதரின் மகனார் வரகுணபாண்டியன் 1950 ஆம் ஆண்டில் பாணர் கைவழி என்னும் நூலை வெளியிட்டு, யாழும் வீணையும் ஒன்றே என்னும் கருத்தை நிறுவ முயன்றார். அடியார்க்குநல்லார் எடுத்தாண்ட பஞ்சமரபு, அடிகளார் மறைந்து பல ஆண்டுகளின் பின்னர் ஏட்டுச் சுவடியாகக் கிடைத்து 1970 களில் அச்சேறிற்று. அதன் சான்று கொண்டு பாலைகளையும் அலகுகளையும் மறுபடியும் ஆராய்ந்தோர் உளர். இவை யாழ் நூலின் பெருமையைக் குறைப்பன அல்ல. வினாக்களை எண்ணாலும் சொல்லாலும் தெளிவாக வரையறுத்து, மறுப்பார்க்கும் வழி வகுத்துக் கொடுத்தலே நல்ல ஆராய்ச்சியின் இலக்கணம். நரம்பின் நீளத்தைக் கூறிய நூலை நரம்பைக் கொண்டே சோதிக்கலாம். வெறும் புகழுரையைச் சோதிக்க இயலாது.

இன்று செய்யத்தக்கது

அடிகளார் பெயரால் நினைவு நாட்கள் கொண்டாடப்படுகின்றன. அவர் சிலைகள் பல ஊர்களில் நிற்கின்றன. கல்லடியில் 1982 ஆம் ஆண்டு தோன்றிய விபுலானந்த இசை நடனக் கல்லூரி, பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து வளர்ந்துள்ளது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. எனினும் யாழ் நூலைப் பெயரளவில் அறிந்தார் பலர். ஓரியலேனும் கற்றார் சிலர். இதற்குக் காரணம் நூலின் கடுமை மட்டும் அன்று. நம் கல்வி முறையின் பிரிவினையும் ஒரு காரணமாகும்.

உயர்தர வகுப்பிற் புகும் மாணவன் பதினாறு வயதளவில் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என ஏதேனும் ஒரு வாயிலால் உள்ளே செல்கின்றான். விஞ்ஞான மாணவன் ஆய்வுகூடத்தில் சுரமானியின் நரம்பை இசைக்கவையோடு ஒத்திசைக்கச் செய்து, நீளத்தை அளந்து, அட்டவணையில் எழுதி முடிக்கின்றான். அரங்கேற்று காதை என ஒன்றுண்டு என அவன் அறியான். அடுத்த அறையில் தமிழ் மாணவன் அரங்கேற்று காதைக்குப் பொருள் எழுதுகின்றான். இளி என்பது ஐந்தாம் நரம்பு என மனனம் செய்கின்றான். அது செவியில் எவ்வாறு ஒலிக்கும் என அவன் அறியான். இருவருக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே உண்டு. 1916 ஆம் ஆண்டில் ஓரிளைஞர் அச்சுவரை மதியாது இரு பரீட்சைகளிலும் தேறினார். அதன் பயனே யாழ் நூல்.

இக்குறையை நீக்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்டில் ஒரு நாள், ஒரு பாடவேளை, தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரு சுரமானியைச் சுற்றி மாணவரோடு அமர்ந்தாற் போதும். 90, 80, 72, 67.5, 60, 54, 50.6 என நரம்பை அளந்து மீட்டினால், இளங்கோவடிகளின் செம்பாலை அவ்வறையிலேயே ஒலிக்கும். கல்முனைப் பகுதியில் இம்முயற்சிக்கு மற்றுமொரு வாய்ப்பும் உண்டு. கண்ணகி வழக்குரையின் இசையும், வயல் வெளியில் எழும் கவிகளும், முஸ்லிம் ஊர்களில் றபானோடு பாடப்பெறும் பைத்துக்களும் ஒரே மொழியின் வெவ்வேறு ஒலிகளாக அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றன. அவை எந்தெந்தப் பாலைகளிற் பொருந்துவன என அவ்வூர் மாணவர் ஒருங்குகூடி அளந்து பார்ப்பின், அது யாழ் நூலைத் தொடர்ந்து எழுதும் பணியாக அமையும்.

காரைதீவிற் பிறந்து, கிறித்தவப் பாடசாலைகளிற் பயின்று, இலண்டன் நகரின் விஞ்ஞானத்தையும் மதுரைச் சங்கத்தின் தமிழையும் ஒருங்கே கைக்கொண்டு, இராமகிருஷ்ணர் திருவடியிற் புகலடைந்த அப்பெரியார், ஓர் அறிவை மற்றோர் அறிவுக்குப் பகையென ஒருநாளும் கருதினாரல்லர். நரம்புகள் தனித்தனியே கட்டப்பட்டிருப்பினும், ஒன்றோடொன்று இணங்கும்பொழுதே யாழ் யாழாகின்றது. கல்வியும் அத்தகையதே.